ஒரு நாள் கொழும்பை நடந்து பாருங்கள்
புத்தளக் கரையின் புதுமணத் தம்பதிகளுக்கு ஒரு திறந்த மடல்

கற்பிட்டியிலும் ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும், புத்தளம் நகரிலும் முந்தலிலும் உடப்பிலும் சிலாபத்திலும் அண்மையில் கலியாணம் முடித்த தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. முதல் வருடம் முடிவதற்குள் ஒரு நாளை ஒதுக்கி, நீங்கள் இருவர் மட்டும் கொழும்புக்குப் போய், அந்த நகரத்தை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். எந்த அலுவலும் வைத்துக்கொள்ளாமல், பார்ப்பதற்கென்றே போய் வாருங்கள்.

நம் கரையில் கொழும்புக்குப் போகாத குடும்பம் இல்லை. ஆனால் என்னத்துக்குப் போனோம் என்று எண்ணிப் பாருங்கள். வாப்பாவின் நெஞ்சு வருத்தத்துக்குப் பெரியாஸ்பத்திரி, மாமிக்கு மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை, வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சி. கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் ஏறி, வரிசையில் நின்று, பின்னேரம் வாடிப்போய்த் திரும்பியிருக்கிறோம். அதற்குப் பிறகு கட்டுநாயக்கா விமான நிலையம். கலியாணப் பந்தல் பிரித்த சில மாதங்களுக்குள் மாப்பிள்ளையைக் கத்தாருக்கோ சவூதிக்கோ அனுப்பிவிட்டு, வேனின் பின் இருக்கையில் அழுதுகொண்டு வந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! வென்னப்புவைப் பக்கத்தில் அந்த விமானம் இத்தாலிக்குப் போகும். போகும் நாடு வேறு, அழுகை ஒன்றுதான். கொழும்பை நாம் அறிந்திருப்பது வரிசைகளாலும் வழியனுப்பலாலும்தான். அது ஒரு நகரம், அங்கே பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கின்றன என்பது நம் வீடுகளில் பேச்சாகவே வருவதில்லை.

கந்தக்குழிக் கடற்கரையைப் பாருங்கள். மே மாதம் தென்மேற்குக் காற்று எழும்பியதும் நம் படகுகள் கரையேறுகின்றன. பலர் வாடி போட்டுத் தொழில் செய்யக் கிழக்குக் கரைக்குப் போகிறார்கள். நம் தொழிலை நிறுத்தும் அதே காற்றைத் தேடித்தான் உலகத்தின் மறுமுனையிலிருந்து சோடி சோடியாக ஆட்கள் பட்டமும் பலகையுமாக வருகிறார்கள். கோடைகாலக் காற்று முடிந்தால், டொல்பின் பார்க்க அடுத்த கூட்டம். அவர்களுக்குச் சோறு சமைத்து, அறை கூட்டி, படகு ஓட்டி உழைப்பவர்கள் நீங்கள். விடுமுறை என்பது வேறு யாருக்கோ உரியது, அதில் நமக்குரியது வேலை மட்டும் என்று நீங்கள் பழகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஏன் இருவராக, ஏன் நடந்து என்று கேட்பீர்கள். நம் ஊர் ஒழுங்கையில் கணவன் நான்கு எட்டு முன்னே போவார், மனைவி பின்னே போவாள். ஒன்றாக நடந்தால் கடைவாசலில் இருப்பவர்களின் பார்வை கூடவே வரும். பெண் வீட்டோடு வந்து சேரும் மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் தன் மனைவியோடு வாய்விட்டுக் கதைக்க ஒரு மூலை கிடைப்பதே பாடு. வேன் பிடித்து ஊர் சுற்றினாலோ மாமா, மாமி, மச்சினிமார், அவர்களின் பிள்ளைகள் என்று வேன் நிறைந்துவிடும். கொழும்பில் உங்களை யாரும் அறியார். அங்கே தோளோடு தோள் நடக்கலாம். நடக்கும்போது வரும் பேச்சு வீட்டில் வராது. முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்துகொண்டு சொல்லும்போதுதான் சில விஷயங்கள் வாயில் வரும். நானும் என் கணவரும் அந்த நகரத்தின் வெயிலில் நடந்துதான் எங்கள் கடன் எவ்வளவு என்பதையும், எனக்குப் பிள்ளைப்பேறு என்றால் எவ்வளவு பயம் என்பதையும் முதன்முதலாக வெளிப்படையாகப் பேசிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நகரத்துக்குள் தயங்கித் தயங்கி நுழைய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அது நம் கரையைக் கொண்டு வாழும் நகரம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாற் எங்கே எரிகிறது? புகையும் சாம்பலும் நம் வெங்காயத் தோட்டங்களுக்கு, வெளிச்சம் அவர்களுக்கு. பாலாவி உப்பு அவர்கள் கறியில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து உயிர்களைக் காவுகொண்ட பின், கொழும்பின் குப்பைக்கு இடம் தேடியவர்கள் நம் அறுவாக்காட்டைக் கண்டார்கள். அதை எதிர்த்துப் புத்தளத்தில் உள்ள கொழும்பு முகத்திடலில் நம் பெண்களும் பிள்ளைகளும் 2018 இலும் 2019 இலும் மாதக்கணக்கில் குந்தியிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்களில் சிலர் அங்கேயே இருந்திருப்பீர்கள். இவ்வளவையும் நம்மிடமிருந்து பெற்ற நகரத்தை நிமிர்ந்து நடந்து பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் கரையிலிருந்து புறப்பட்டுக் கொழும்பைக் கண்டு, மறுபடி நம் கரைக்கே திரும்பிய பயணி ஒருவர் ஏற்கனவே இருக்கிறார். 1344 இல் இப்னு பதூதா கரையிறங்கியது புத்தளத்தில். அப்போது அங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்துப் பாவாத மலைக்கு அனுப்பிவைத்தார். மலை ஏறி இறங்கிய பின் தெவிநுவரை, காலி என்று கரையோரமாக வந்து கொழும்பையும் கண்டார். இலங்கையின் மிக அழகிய, பெரிய நகரங்களில் ஒன்று என்று அதைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் புத்தளத்துக்கு மீண்டார். ஏறத்தாழ 680 வருடங்களுக்கு முன் அந்நியர் ஒருவர் பார்த்ததை இங்கே பிறந்தவர்கள் நீங்கள் பார்க்க வேண்டாமா?

சரி, எப்படிப் போவது? என் யோசனை ரயில். ரயில் பாதை 1916 இல் சிலாபத்தையும் 1926 இல் புத்தளத்தையும் வந்தடைந்தது. பஸ்ஸைவிட மெதுவாகத்தான் போகும். பரவாயில்லை, போகும் வழியும் பயணம்தான். முந்தலில் களப்பும் சிலாபத்துக்குப் பிறகு தென்னந்தோப்பும் நீர்கொழும்பில் மீன் வாடையும் யன்னல் வழியே வரும். டச்சுக்காரர் தம் ஆட்சியில் கறுவாவும் உப்பும் ஏற்றிய பாதைப் படகுகளுக்காகப் பயன்படுத்திய கால்வாய் வழியும் இதே கரையோரம்தான், கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் ஊடாக நம் களப்புவரை. கட்டுநாயக்காவைத் தாண்டும்போது மட்டும் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தம்பி. அந்த இடம் அவளுக்கு என்ன நினைப்பைத் தரும் என்று உங்களுக்குத் தெரியும்.

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, முன்னால் நிற்கும் ஒல்கொட் சிலையைத் தாண்டி, தெருவைக் கடந்தால் புறக்கோட்டை. ஓட்டோக்காரர் சூழ்ந்துகொண்டு கூப்பிடுவார்கள். இன்று நடை என்று சொல்லிவிட்டு நடவுங்கள். குறுக்குத் தெரு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சரக்கு. முதலாவதில் மின்சாதனம், அடுத்தவற்றில் துணி, நாலாம் ஐந்தாம் தெருக்களின் பக்கம் போனால் சீனி, பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம், கருவாடு. அங்கே கொஞ்சம் நில்லுங்கள். கற்பிட்டிச் சின்ன வெங்காயத்தையும் நம் வாடிகளில் காய்ந்த கருவாட்டையும் மூட்டையைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஊரில் என்ன விலைக்கு விட்டோம், இங்கே என்ன விலை என்று முதலாளியிடம் கேளுங்கள். வாங்க வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் போதும். மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நாட்டாமைகள் வருவார்கள். அவர்களுக்கு வழி விடுங்கள், அந்த வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக நிற்பது சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடித்தார்கள். வரைபடம் போட்ட ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை கட்டடக்கலை முறையாகப் படித்தவர் அல்லர் என்பார்கள். தென்னிந்திய வணிகர்கள் கொண்டுவந்த படங்களைப் பார்த்துப் பார்த்து இதை வடித்தாராம். மாதுளம் பழம்போலத் திரண்ட குவிமாடங்கள். துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் ஒரு காலத்தில் இதைத்தான் அடையாளமாகப் பார்த்தார்கள். தொழுகை நேரம் தவிர்த்து எந்த மதத்தவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம், உடுப்பில் மட்டும் கவனம். உடப்பிலிருந்து போகும் பிள்ளைகளே, தயங்காதீர்கள். அதேபோல புத்தளத்துப் பிள்ளைகளே, செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்கு நடுவே நிற்கும் கதிரேசன் கோயில்களின் வாசலில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதால் உங்களுக்கு எதுவும் குறைந்துவிடாது. ஆடிவேல் ரதம் புறப்படும் தெரு அது. நகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்து நிற்பதும் அன்றைய நாளில் அடக்கம்தான். அடகுக்குப் போன வளையலைப் பற்றிய பேச்சு அங்கே தானாக வரும், வரட்டும்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தை கட்டிய ஆலயத்தைக் கருங்கல்லில் மறுபடி எழுப்பினார், அதுதான் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். அதற்குக் கிட்டத்தான் புனித அந்தோனியார் திருத்தலம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அங்கே வெடித்த குண்டைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே காலையில் நம் கரைக்குப் பக்கத்தில் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நம் ஊர்களில் அண்டை வீட்டாரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினோம். முஸ்லிம் தம்பதிகளிடம் நான் முக்கியமாகக் கேட்பது இது: இந்த இடத்தைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே போய் மௌனமாக ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமையானால் மெழுகுதிரியோடு நிற்கும் கூட்டத்தில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் புறக்கோட்டையில் சைவக் கடையும் உண்டு, முஸ்லிம் கடையும் உண்டு. தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை, கழிவறை விஷயம். இதைச் சொல்லாமல் பெண்களை நடக்கச் சொல்வது நியாயமில்லை. புறக்கோட்டைத் தெருக்களில் பெண்களுக்கு நல்ல கழிவறை கிடைப்பது கடினம். ஆகவே ரயில் நிலையத்தில் ஒரு முறை, சாப்பாட்டுக் கடையில் ஒரு முறை, பின்னேரம் காலி முகத்திடலுக்கு எதிரே உள்ள பெரிய வணிக வளாகத்தில் ஒரு முறை என்று மனதில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள். குதிக்கால் செருப்பும் வேண்டாம்.

பகல் வெயில் ஏறியதும் ஒரு பஸ் பிடித்து நூதனசாலைக்குப் போங்கள். நடைக்கு நடுவே இந்த ஒரு பஸ்ஸை நான் அனுமதிக்கிறேன். 1877 இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற ஒப்பந்தக்காரர். புறக்கோட்டையில் 1873 இன் பழைய நகர மண்டபமும் அவர் கைவேலை என்பர். நூதனசாலையைக் கட்டி முடித்தபோது, உமக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது.

அங்கே பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம், கண்டியரசனின் சிம்மாசனத்தைப் பார்க்கலாம். ஆனால் நீங்கள் தேடிப் போக வேண்டியது ஒரு கல். 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து அகப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து வைத்தது, கல்லில் உள்ள ஆண்டு 1409. அவர் ஒரு முஸ்லிம். கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெவிநுவரைத் தென்னாவர நாயனாருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் காணிக்கை. பொன்னும் வெள்ளியும் பட்டும் வாசனை எண்ணெயும் மூன்று பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. இப்னு பதூதா போகும் வழியில் பார்த்து எழுதிய தெவிநுவரைப் பெருங்கோயிலின் தெய்வம்தான் அந்த நாயனார். பின்னர் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள், கல் தப்பிவிட்டது. அறுநூறு வருடங்களுக்கு முந்திய நம் எழுத்தை ஒன்று இரண்டு இடங்களிலாவது கூட்டி வாசிக்க முயன்று பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு நம் கரைக்கு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகளும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். ஓலைக்கொட்டிலில் பிறந்து, உங்கள் ஊர் எது என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நீங்கள். இந்தத் தீவில் தமிழும் இஸ்லாமும் எவ்வளவு காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன என்பதற்கு அந்தக் கல் சாட்சி. வேறெதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பாருங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குத் திரும்பி வாருங்கள். யோர்க் வீதியில் 1906 இன் கார்கில்ஸ் கட்டடத்தின் செங்கல் முகப்பு, கொஞ்சம் தள்ளிப் பழைய டச்சு ஆஸ்பத்திரி. இவற்றைக் கடந்துபோகும்போது பார்த்தால் போதும். சதம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூண்டில் மட்டும் நில்லுங்கள். 1857 இல் எழுந்தது, பத்து வருடத்தில் கலங்கரை விளக்கமும் ஆனது. அதை வடிவமைத்தவர் அன்றைய ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. அங்கிருந்து தெற்கே நடந்தால் வரும் காலி முகத்திடல் நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தவர் அந்தக் கணவர். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணி வரும்படி தமக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டு ஒரு கல்லும் பதித்திருக்கிறார். நம்மை அடக்கி ஆண்டவர்கள்தான், அதில் எனக்கு மயக்கமில்லை. ஆனாலும் மனைவியின் மணிக்கூண்டிலிருந்து கணவனின் கடலோரப் பாதைக்கு ஒரு சோடி நடந்து போவதில் ஓர் அழகு இருக்கிறது.

திடலில் 2022 இல் இளைஞர்கள் கூடாரம் அடித்து ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அதே இடத்தில் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். இறால் வடை வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த இறால் நம் மாவட்டத்துப் பண்ணையிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அந்தப் பண்ணைகளுக்காக நாம் இழந்த கண்டல் காடும் உங்களுக்கு நினைவு வரலாம். கடலைப் பார்த்து உட்காருங்கள். கடல் உங்களுக்குப் புதிதல்ல, ஆனால் அதில் இறங்க வேண்டிய வேலை இல்லாமல் அதைப் பார்ப்பது புதிதாக இருக்கும். தாமரைக் கோபுரத்துக்கு ஏற வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். அந்த 350 மீற்றர் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் கூரைகள்தான் தெரியும், அதற்குக் கொடுக்கும் காசில் இருவரும் நன்றாகச் சாப்பிடலாம்.

நடை எல்லாம் சேர்த்தால் ஏழெட்டுக் கிலோமீற்றர் வரும். கரைவலை இழுக்கும் கால்களுக்கும் உப்பு வாய்க்காலில் நிற்கும் கால்களுக்கும் அது பெரிதல்ல. இரவில் திரும்புவதற்குப் புத்தளத்துக்கான கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நூதனசாலை அன்று திறந்திருக்குமா என்பதையும் முதல்நாளே விசாரியுங்கள். போயா நாளிலும் பெருநாள் விடுமுறையிலும் புறக்கோட்டைக் கடைகள் பூட்டியிருக்கும்.

உம்மாமாருக்கும் மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. இருவர் தனியே போகிறார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லாதீர்கள். கைப்பிள்ளை இருந்தால் அன்று இரவு வரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்குக் கிடைக்காத ஒரு நாளை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.

தம்பி, உங்களுக்கு விசா வந்துவிட்டது என்றால் தாமதிக்க வேண்டாம். பயணப்பெட்டி வாங்கும் முன் இந்த நாளை வையுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் பயணம் உங்கள் இருவரின் முதல் கொழும்புப் பயணமாக இருக்க வேண்டாம்.

அன்புடன்,
புத்தளத்திலிருந்து உங்கள் ராத்தா